தினமும் நடக்க, கொஞ்சம் ஓட: எந்தக் குஷன் ஷூ வாங்குவது?

ரேஸ்கோர்ஸ் மாலா:
எல்லோருக்கும் வணக்கம். வயது 47, ஊர் கோவை. தினமும் காலையில் ரேஸ்கோர்ஸில் இரண்டு ரவுண்டு, சுமார் 5 கிலோமீட்டர். முதல் ரவுண்டு நடை, இரண்டாவது ரவுண்டு ஓட்டம். ஓட்டம் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா நடந்தபடியே என்னோடு பேசிக்கொண்டு வந்துவிடுகிறார்.

ஜனவரியில் ஆன்லைன் தள்ளுபடியில் ஒரு ஷூ வாங்கினேன். காலை விட்டதும் இலவம்பஞ்சு மெத்தை. வீட்டில் எல்லோரையும் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன். நாலே மாதம்தான். போன வாரம் தரையில் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் இடது ஷூ உள்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது, ஒரு கால் குட்டையான ஸ்டூல் மாதிரி. அடியில் ரப்பர் தேயவே இல்லை. போதாததற்குக் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. இந்த முறை 8,000 ரூபாய் வரை போகலாம். இதைவிடக் குஷன் அதிகமாக எது நல்லது?

ஓட்டக்காரன்72:
ஹோகா கம்பெனியின் பாண்டை என்ற மாடல். கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். விலை மட்டும் உங்கள் கணக்குக்குள் வராது.

பழைய கடைக்காரர்:
கண்ணை மூடிக்கொண்டு ஷூ வாங்கி, ஒரு வாரத்தில் கண்ணைத் திறந்து கொண்டு திரும்ப வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வருஷம் ஸ்போர்ட்ஸ் ஷூ கடையில் முட்டி போட்டு மற்றவர்களுக்கு லேஸ் கட்டிவிட்டவன் நான்.

மேடம், முதலில் கணக்கு. தினம் 5 கிலோமீட்டர், மாதம் 25 நாள், நாலு மாதம். 500 ஆகிவிட்டது. இந்த வகை ஷூக்களுக்கு 500 முதல் 800 கிலோமீட்டர் வரை என்றுதான் பொதுவாகச் சொல்வோம். அதனால் ஷூவை முழுக்கக் குறை சொல்ல முடியாது. ரப்பர் அப்படியே இருக்கும்போது நடுவில் உள்ள ஃபோம் அமுங்கிப் போவதும் சகஜம். ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது வேறு கதை. உங்கள் கால் உள்பக்கம் சரிகிறது, அந்த மெத்தை அதைத் தாங்கவில்லை. இதைவிட மெத்தென்று வாங்கினால் இன்னும் சீக்கிரம் சாயும்.

கடையில் எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். இரண்டு நிமிஷம் நின்றால் மெத்தென்றிருப்பதுதான் ஜெயிக்கும். நான் என்ன செய்வேன் தெரியுமா? எதையும் பிடிக்காமல் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வேன். கணுக்கால் கிடுகிடுவென்று ஆடினால் அந்தப் பெட்டியை மூடிவிடுவேன். அப்புறம் ஷூவைத் திருப்பிக் குதிகால் பக்கம் அடிப்பாகம் அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள். நடையில் குதிகால்தான் முதலில் இறங்குகிறது. ஒவ்வொரு அடியிலும் கால் தரையில் இருக்கும் நேரமும் ஓட்டத்தைவிட அதிகம்.

நகம் கறுத்தது பெரும்பாலும் அளவுக் கோளாறு. சாயங்காலம் போங்கள், அதற்குள் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். தினம் போடும் சாக்ஸையே போட்டு, நின்றபடி பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். அளவு எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஆண்கள் ஷூவில் யூகே 8 என்றால் அடிடாஸில் 26.5 சென்டிமீட்டர், நைக்கில் 27. பெட்டியிலும் ஷூ நாக்கின் உள்பக்கத்திலும் சென்டிமீட்டர் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். முன்பாதம் அகலம் என்றால் வைடு கேளுங்கள். இல்லையா, ஆண்கள் ஷூவிலேயே உங்கள் அளவு கிடைக்கிறதா பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அதன் அச்சே கொஞ்சம் அகலம்.

பெயர் கேட்டீர்கள். நைக் பெகாசஸ், புரூக்ஸ் கோஸ்ட், ஹோகா கிளிஃப்டன் எல்லாம் தினசரி ஷூதான். ஆனால் பெயருக்குப் பின்னால் வரும் மாடல் எண் மாறினால் ஆளே மாறிவிடும். கிளிஃப்டன் 9-இல் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உயர வித்தியாசம் 5 மில்லிமீட்டர், 10-இல் அதுவே 8. வித்தியாசம் குறையக் குறையக் கெண்டைக்காலுக்கு வேலை கூடும். அதனால் சிநேகிதி சொன்னாள் என்று வாங்க வேண்டாம், போட்டுப் பார்த்து வாங்குங்கள். புது எண் வந்ததும் பழைய எண்ணின் விலை இறங்கும், உங்கள் 8,000-க்கு அதுதான் வழி. கார்பன் தகடு வைத்த பந்தய ஷூவை யாராவது காட்டினால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பெசன்ட் நகர் நடையன்:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஈரமானால் வெயிலில் காய வைக்காதீர்கள், கார் டிக்கியிலும் போட்டு வைக்காதீர்கள். சூட்டில் ஒட்டுப் பசையும் ஃபோமும் கெடும். இன்சோலை உருவிவிட்டு, உள்ளே பழைய தினத்தாளைக் கசக்கித் திணித்து ஃபேனுக்கு அடியில் வைத்தால் போதும். மழைக்காலத்தில் எனக்கு ஒரு ஜோடிக்கு இரண்டு நாள் பேப்பர் செலவு.

ரேஸ்கோர்ஸ் மாலா:
ஞாயிறு சாயங்காலம் போய்விட்டு வந்தேங்க. மெத்தென்றிருந்ததில் ஒற்றைக் காலில் நின்றேன், கடைத் தம்பி ஓடி வந்து பிடித்துக்கொண்டார். மூன்றாவதாகப் போட்டது பெகாசஸின் பழைய எண். முதலில் கட்டாந்தரை மாதிரி இருக்கிறதே என்றுதான் தோன்றியது. ஆனால் கால் ஆடவில்லை. அளந்து பார்த்ததில் இத்தனை வருஷமும் அரை அளவு சின்னதாகவே போட்டிருக்கிறேன். விலை 7,200. லேஸ் மேலே கடைசியாக ஒரு ஓட்டை சும்மா இருக்கிறதே, அது எதற்கு?

பழைய கடைக்காரர்:
குதிகால் நழுவாமல் இருக்க. அந்த ஓட்டைக்குள் அதே பக்கத்து லேஸை வெளியிலிருந்து உள்ளே விட்டு ஒரு சின்ன வளையம் பண்ணுங்கள். எதிர்ப்பக்கமும் அப்படியே. பிறகு இடது லேஸை வலது வளையத்திலும், வலது லேஸை இடது வளையத்திலும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் போய் முட்டாது.

ரேஸ்கோர்ஸ் மாலா:
கட்டிப் பார்த்தேன், பிடிக்கிறது. சாய்ந்த ஷூவைப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். கொடுக்கவில்லை, உழவர் சந்தைக்குப் போட்டுக்கொண்டு போகிறேன்.