குப்பியில் படியாமல் இருந்தால் போதுமா? இரும்பு நானோ கான்ட்ராஸ்ட் பற்றி ஒரு கேள்வி

கீழக்கரை கடலோரம்

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். என் வாப்பாவுக்கு மூன்று வருடமாக டயாலிசிஸ் நடக்கிறது. கல்லீரலில் கட்டி போல ஏதோ தெரிகிறது, கான்ட்ராஸ்ட் ஊசி (படத்தில் வித்தியாசம் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) போட்டு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்கிறார்கள். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு கடோலினியம் என்ற உலோகம் உள்ள கான்ட்ராஸ்ட் மருந்துகள் சிலவற்றால் தோல் கெட்டியாகி இறுகும் நோய் வருவது 2006இல் தெரியவந்தது என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தேடியதில் ஃபெருமாக்சிடால் என்று ஒரு பெயர் கிடைத்தது. இரும்பு ஆக்சைடு நானோ துகள். சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காக 2009இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, சில இடங்களில் ஸ்கேனுக்கும் போடுகிறார்களாம். இரும்புத் துகள் தண்ணீரில் படியாமல் எப்படி நிற்கும்? நம் ஊர் வெயிலில் வந்து சேரும்வரை அப்படியே இருக்குமா?

மண்டபம் கூழ்மம்

வணக்கம் காக்கா. எனக்கு ஊர் மண்டபம், இப்போது காரைக்குடியில் இரும்பு ஆக்சைடு கூழ்மத்தில்தான் (நுண்துகள்கள் படியாமல் மிதந்து நிற்கும் திரவம்) முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். படிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். துகளின் நடு இரும்பு பத்து நானோமீட்டருக்குள்தான். அவ்வளவு சிறிதாக இருந்தால் தண்ணீர் மூலக்கூறுகளே அதை ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்கும், கீழே போக விடாது. ஒன்றோடொன்று ஒட்டினால்தான் ஆபத்து. அதைத் தடுக்க ஃபெருமாக்சிடாலில் மாவுச்சத்து இனத்தைச் சேர்ந்த ஒரு பூச்சு இருக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1857 வாக்கில் செய்த தங்கக் கூழ்மம் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இன்றும் மாணிக்கச் சிவப்பாகவே இருக்கிறது. குப்பியில் நிலைத்தன்மை என்பது பெரும்பாலும் தீர்ந்துபோன பிரச்சினை.

ஸ்கேன் அறை

தங்கச்சி, தீர்ந்துபோன பிரச்சினை என்று சொல்லாதீர்கள். பதினான்கு வருடமாக எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனாக இருக்கிறேன். ஃபாரடேயின் தங்கம் ஒரே அலமாரியில் அசையாமல் இருக்கிறது. அதில் யாராவது ஒரு கரண்டி உப்பு போட்டால் சிவப்பு நீலமாகிவிடும். துகள்கள் கட்டிக்கொண்டதற்கு அடையாளம் அதுதான். வைகையில் தண்ணீர் வரும் வருடங்களில் ஆற்றங்கரைப் பக்கம் முகத்துவாரத்தில் நின்று பாருங்கள். மதுரையிலிருந்து செம்மண் நிறத்திலேயே வந்த தண்ணீர், கடலின் உப்பைத் தொட்டதும் வண்டலை விட்டுவிடுகிறது. ரத்தமும் உப்புத் தண்ணீர்தானே?

இன்னொன்று, கடோலினியம் கதையை மறக்கக் கூடாது. உலோகத்தைத் திறந்த சங்கிலிபோலப் பிடித்திருக்கும் பழைய நேர்ச்சங்கிலி வகை மருந்துகள் குப்பியில் வருடக்கணக்கில் தெளிவாகத்தான் இருந்தன. சிறுநீரகம் கெட்டவர் உடம்பில் நாள்கணக்கில் தங்கியபோதுதான் உலோகத்தைக் கைவிட்டன. குப்பியைப் பார்த்து நிலையானது என்று சொன்னால் நோயாளிக்கு அது பதிலாகாது.

மண்டபம் கூழ்மம்

அண்ணே, உப்பு பற்றி நீங்கள் சொன்னது மின்னேற்றத்தை மட்டும் நம்பி நிற்கும் துகளுக்குச் சரி. வைகை வண்டல் அப்படித்தான் நிற்கிறது, ஃபாரடே தங்கமும் அப்படித்தான். உப்பு அந்த மின் விலக்கத்தை மறைத்துவிடும், துகள்கள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். ஆனால் பூச்சுள்ள துகளின்மேல் நீளமான சங்கிலிகள் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு புதர்போல நிற்கின்றன. எதிரே வரும் துகளை அந்தப் புதரே நெருங்க விடாது. அதை உப்பு அவ்வளவு எளிதில் கலைக்க முடியாது.

1996இல் அனுமதி பெற்ற ஃபெருமாக்சைட்ஸ் என்ற பழைய இரும்பு ஆக்சைடு கல்லீரல் ஸ்கேன் மருந்தை உப்பில்லாத 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரைக் கரைசலில் கலந்து, வடிகட்டி வழியாக அரை மணி நேரம் ஏற்றச் சொன்னார்கள். ஃபெருமாக்சிடாலை 0.9 சதவீத சலைனிலேயே, அதாவது உப்புத் தண்ணீரிலேயே, கலந்து ஏற்றலாம். பூச்சில் எவ்வளவு முன்னேற்றம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

தேவிபட்டினம் வாத்தியார்

முப்பது வருடம் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்தியவன். இருவரும் உப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் ஊரணித் தண்ணீர் கலங்கலாக வந்தால் அம்மா தேற்றாங்கொட்டையை மண்பானையின் உள்பக்கம் தேய்ப்பார். வட்டமாக, விரல் வலிக்கும்வரை. சற்று நேரத்தில் கலங்கல் பஞ்சு பஞ்சாகத் திரளும், விடிந்து பார்த்தால் அடியில் ஒரு விரல்கடை சேறு, மேலே கண்ணாடி போலத் தண்ணீர். அதில் உப்பே கிடையாது. கொட்டையிலுள்ள புரதமும் பசையும் ஒரு துகளையும் அடுத்த துகளையும் பாலம் போட்டு இணைக்கின்றன. ரத்தத்திலும் புரதம் நிறைய இருக்கிறதே. அது பூச்சின்மேல் போய் உட்காராதா? மண்டபத்துப் பிள்ளை இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மண்டபம் கூழ்மம்

உட்காரும் சார். நல்ல கேள்வி. ரத்தத்தில் இறங்கிய உடனே துகளின்மேல் ஒரு புரதப் போர்வை விழுகிறது. அதைப் பார்த்துத்தான் கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு செல்கள் துகளைப் பிடிக்கின்றன. சலைனில் நன்றாக நின்றது சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும், புரதம் நிறைந்த தெளிந்த நீர்) கட்டிக்கொள்வதை என் சோதனைக் குழாயிலேயே பார்த்திருக்கிறேன், அது நான் செய்த பூச்சு சரியில்லாததால். ஃபெருமாக்சிடாலின் பாதி அளவு ரத்தத்தை விட்டுப் போகச் சுமார் 15 மணி நேரம் ஆகிறது. கட்டிக்கொண்டிருந்தால் இவ்வளவு நேரம் சுற்றாது. ஆனால் முதல் பதிவில் "தீர்ந்துபோன பிரச்சினை" என்று எழுதியது அவசரம். குப்பிக்கு மட்டும்தான் அப்படிச் சொல்லியிருக்கிறேன் என்றாலும், அவசரம்தான்.

ஸ்கேன் அறை

குப்பிக்கே நான் ஒப்புக்கொள்ளவில்லை. துகள்கள் கொத்தாகச் சேர்ந்தால் படமே மாறும். எம்.ஆர்.ஐ.யில் டி1, டி2 என்று இரண்டு வகைப் படம் எடுப்போம். டி2 படத்தில் கருமை கூடும், டி1 படத்தில் வெளிச்சம் குறையும். கல்லீரலில் நல்ல பகுதி துகளை விழுங்கிக் கறுக்கும், விழுங்கு செல் இல்லாத கட்டி வெளுப்பாக நிற்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் டாக்டர் முடிவெடுக்கிறார். மருந்து பாதி வழியில் மாறியிருந்தால் அவருக்குத் தெரியவே தெரியாது. படம் நன்றாகக்கூட இருக்கும், அதுதான் எனக்குப் பயம்.

அப்புறம் வெயில். ஃபெருமாக்சிடால் லேபிளில் 20 முதல் 25 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும், இடையில் 15 முதல் 30 வரை போகலாம் என்று இருக்கிறது. நம் ஊரில் ஏப்ரல், மே மாதத்தில் நிழலிலேயே 30 தாண்டும். போன கோடையில் வந்த ஒரு சாதாரண அயோடின் கான்ட்ராஸ்ட் பெட்டியைத் தொட்டபோது அட்டையே கைக்குச் சுட்டது. வழியில் எத்தனை மணி நேரம் வண்டியில் கிடந்தது என்று கேட்டேன், சொல்ல ஆளில்லை.

மண்டபம் கூழ்மம்

சூட்டுக்கு ஒரு பதில் இருக்கிறது அண்ணே. அந்தப் பூச்சையே 121 டிகிரி நீராவிக் கிருமிநீக்கத்தைத் தாங்க வேண்டும் என்றுதான் வடிவமைத்தார்கள்.

ஸ்கேன் அறை

கால் மணி நேரச் சூடு வேறு, ஒரு வாரச் சூடு வேறு. 121 டிகிரியைத் தாங்கும் மருந்துக்கு லேபிளில் ஏன் 30 என்று எல்லை போட்டார்கள்? விரைவுச் சோதனை என்று 40 டிகிரியில், 75 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாதம் வைத்துப் பார்ப்பது எதற்காக?

கீழக்கரை கடலோரம்

அப்படியானால் மருந்தை நாமே வாங்கி, மீன் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுபோனால் நல்லதா?

மண்டபம் கூழ்மம்

காக்கா, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சூட்டைவிட உறைவது மோசம். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது துகள்களை உள்ளே சேர்க்காது, ஓரமாகத் தள்ளும். மிச்சமிருக்கும் கொஞ்சம் திரவத்தில் எல்லாத் துகளும் நெருக்கியடித்து ஒட்டிக்கொள்ளும். பிறகு உருகினாலும் பிரியாமல் போகலாம். தெர்மோகோல் பெட்டிக்குள் ஐஸில் நேராகப் படும் குப்பிக்கும் இதே ஆபத்து உண்டு.

ஃபெருமாக்சிடாலால் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று 2015இல் அமெரிக்க லேபிளில் கட்டம் கட்டிய எச்சரிக்கையும் சேர்த்தார்கள். குறைந்தது 15 நிமிடம் மெதுவாக ஏற்ற வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும். வளைய அமைப்புள்ள கடோலினியம் மருந்துகள் உலோகத்தை மிக இறுக்கமாகப் பிடித்திருக்கும், அவற்றில் அந்தத் தோல் நோய் மிக அரிது. முதலில் அதைப் பற்றிக் கேளுங்கள்.

கீழக்கரை கடலோரம்

நேற்று வாப்பாவை மதுரைக்குக் கூட்டிப் போனோம். வளைய வகைதான் போட்டார்கள், அதே நாளில் டயாலிசிஸும் வைத்தார்கள். ஊசிக்கு முன் குப்பியைக் காட்டச் சொன்னேன். நர்ஸம்மா கோபப்படாமல் லேபிளைத் திருப்பிக் காட்டினார், வெளிச்சத்தில் பிடித்தும் காட்டினார். தெளிவாக இருந்தது. அது மட்டும் போதாது என்று இப்போது தெரிந்தாலும், பார்த்தது மனதுக்கு ஆறுதல். ரிப்போர்ட் திங்கள்கிழமை வரும். துஆ செய்யுங்கள்.

ஸ்கேன் அறை

நல்ல செய்தி வரும், காக்கா. தங்கச்சி, உங்கள் ஆய்வகத்துக் கூழ்மம் மூன்று குழாய் கொடுங்கள். அடுத்த மே மாதம் எங்கள் மருந்து வரும் வண்டியிலேயே வெப்பப் பதிவுக் கருவியோடு வைத்து அனுப்புகிறேன்.

மண்டபம் கூழ்மம்

தருகிறேன் அண்ணே. நான்காவது குழாய் ஒன்று என் மேசையிலேயே இருக்கட்டும், ஒப்பிட்டுப் பார்க்க. நான் சொன்னதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன், ஆனால் அளந்து பார்ப்போம்.