மரவள்ளி சீவும் இயந்திரம்: 'யாருக்கும் தோன்றும்' என்று காப்புரிமை மறுத்துவிட்டார்கள்

கேள்வி: ஆத்தூர் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். கிழங்கு பெருத்தாலும் சிறுத்தாலும் ஒரே அழுத்தத்தில் கத்திப் பக்கம் தள்ளுகிற மாதிரி ஸ்பிரிங் தட்டு வைத்தேன், சீவல் ஒரே கனத்தில் விழுகிறது. பழைய ஆவணங்கள் இரண்டைச் சேர்த்தாலே இது வந்துவிடும் என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். மேல்முறையீடு உண்டா?

பதில் 1: உண்டு அண்ணா. காப்புரிமைச் சட்டம் 117ஏ பிரிவு, உத்தரவு தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் போட வேண்டும். முன்பு இதை விசாரித்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தை 2021-இல் கலைத்துவிட்டார்கள், இப்போது நமக்குச் சென்னை உயர் நீதிமன்றம்தான்.

பதில் 2: பிஸ்வநாத் பிரசாத் வழக்கை முதலில் படியுங்கள். கடைசல் இயந்திரத்தில் பாத்திரத்தைக் கடையும்போது அதைப் பிடித்துக்கொள்ளும் அமைப்புக்கு வாங்கிய காப்புரிமை, அது வெறும் பட்டறை மேம்பாடு (தொழில் தெரிந்த யாரும் செய்யும் சாதாரண மாற்றம்) என்று 1978-இல் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. தெரிந்த பாகங்களைச் சேர்த்தால் மட்டும் போதாது, சேர்ந்ததால் புதிதாக என்ன நடந்தது என்று காட்ட வேண்டும். அந்த 2 ஆவணங்களில் ஸ்பிரிங் எதற்கு இருக்கிறது? வேறு வேலைக்கு என்றால், அதை இங்கே கொண்டுவர ஒருவருக்கு ஏன் தோன்றும் என்று உத்தரவு காரணம் சொல்லியிருக்கிறதா பாருங்கள். உங்கள் வாதமே அதுதான்.

கேள்வி கேட்டவர்: ஒன்றில் ஸ்பிரிங் கத்தியைக் காப்பாற்ற மட்டும்தான் இருக்கிறது. காரணம் ஒரு வரிகூட இல்லை. சரி, திங்கட்கிழமையே வக்கீலைப் பார்க்கிறேன்.