அம்மப்பாவின் தோனெட் கதிரைகள்: எதைத் திருத்துவது, எதைத் தொடாமல் விடுவது?

கொக்குவில்_பேர்த்தி எழுதியது:

வணக்கம். அம்மம்மாவின் நாற்சார் வீட்டில் நெல்மூட்டை அடுக்கும் அறையைத் துப்புரவாக்கியபோது நான்கு கதிரைகள் கிடைத்தன. மலாயா ரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்த அம்மப்பா ஓய்வுபெற்று ஊர் திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்தவை. வளைத்த மரம், வட்ட இருக்கை, பிரம்புப் பின்னல். இருக்கை வளையத்தின் உட்புறத்தில், அவற்றைச் செய்த நிறுவனத்தின் பெயரான தோனெட் என்ற முத்திரை அழுத்தமாகப் பதிந்திருக்கிறது.

ஒன்றில் பிரம்பு தொய்ந்திருக்கிறது, வேறு குறையில்லை. இன்னொன்றில் பிரம்பு போன இடத்தில் யாரோ பலகை வைத்து எட்டு ஆணி அடித்திருக்கிறார்கள். மூன்றாவது உளுத்துப்போய்விட்டது, தட்டினால் மா கொட்டுகிறது. என் கவலை முழுவதும் நான்காவதைப் பற்றியது. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் வலிகாமமே இடம்பெயர்ந்து எழுந்து நடந்தபோது, நடக்க முடியாத அம்மம்மாவை இந்தக் கதிரையில் இருத்தி, இரண்டு பக்கமும் தடி கட்டி, மாமாமார் நாவற்குழிப் பாலம் தாண்டித் தூக்கிப் போனார்கள். அம்மம்மா சாவகச்சேரியிலேயே காலமானார். கதிரை மட்டும் அடுத்த ஆண்டு எங்களுடன் திரும்பி வந்தது. அதன் முதுகு வளைவு, இருக்கையோடு சேரும் இடத்தில் நெடுக வெடித்திருக்கிறது. இருக்கை வளையத்தில் கயிறு அறுத்த தழும்பு இருக்கிறது.

பார்க்க வந்த ஒருவர், நான்கையும் இயந்திரத்தால் தேய்த்துக் கறுப்பு வார்னிஷ் அடித்துத் தருவதாகச் சொன்னார். வெடித்த வளைவை எறிந்துவிட்டு முதிரையில் புதிதாக அறுத்துப் போடலாம் என்றார். நான் மறுத்துவிட்டேன். ஆனால் தழும்பைக் காப்பதற்காக, ஒருவரும் உட்கார முடியாத கதிரையாக அதை மூலையில் நிறுத்துவதற்கும் மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

சுண்ணாகம்_தச்சுப்பட்டறை எழுதியது:

பிள்ளை, மறுத்தது சரி. அந்த வளைவு அறுத்து எடுத்ததல்ல. பீச் மரத்தை நீராவியில் இளக்கி, வெளிப்பக்கத்தில் இரும்புப் பட்டை பிடித்து வளைத்தது. மரத்தின் நார் ஓர் அறுபடலும் இல்லாமல் வளைவோடு ஓடும். முதிரைப் பலகையில் அந்த வடிவத்தை அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்படும்; முதிரை எவ்வளவு வைரமாக இருந்தாலும் அந்த இடத்தில் முறியும்.

நெடுக வெடித்தது நல்ல வெடிப்பு. நாரோடு பிரிந்தது, நாரோடு சேரும். தூசியைத் தூரிகையால் எடுத்துவிட்டு வச்சிரம், அதாவது விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசை, காய்ச்சி உள்ளே செலுத்துங்கள். பழைய சைக்கிள் டியூபை நீளப் பட்டியாக வெட்டி, இழுத்து இழுத்து வளைவைச் சுற்றிக் கட்டுங்கள். வளைந்த மரத்தை அதைப்போல் எந்தக் கிளாம்பும் பிடிக்காது. ஒரு முழுநாள் அவிழ்க்க வேண்டாம். வச்சிரம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: நாளைக்கு உங்கள் பிள்ளைகள் வேறு விதமாகத் திருத்த நினைத்தால் சுடுநீரால் அதைக் கழற்றலாம். இரும்புத் தகடும் ஆணியும் கிட்டவே வரக் கூடாது.

தேய்க்கவும் வேண்டாம். மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். பூச்சு ஒட்டும் பதமாக இளகினால் அது அரக்கு மெருகு. அழுக்கைத் துடைத்து, தேய்ந்த இடத்துக்கு மட்டும் மெல்லிய அரக்கு பூசினால் போதும். கயிற்றுத் தழும்பு மரத்தைப் பலவீனமாக்கவில்லை என்றால் அதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

தொய்ந்த பிரம்புக்கு, ஈரத் துணியைக் கீழ்ப்பக்கத்தில் ஒற்றிவிட்டு இரவு முழுவதும் காயவிடுங்கள். மேற்பக்கத் தோல் நீரை உறிஞ்சாது. காயும்போது இறுகும்.

ரொறன்ரோவில்_ஒருவன் எழுதியது:

அக்கா, உங்கள் விவரிப்பைப் பார்த்தால் அது தோனெட்டின் 14ஆம் இலக்கக் கதிரை. வியன்னாவில் 1859இல் வெளிவந்தது. ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு சுரைகள் (நட்), அவ்வளவுதான். கழற்றினால் ஒரு கனமீற்றர் பெட்டியில் 36 கதிரைகள் அடங்கும். கப்பலில் உலகம் சுற்றியது அதனால்தான். 1869இல் காப்புரிமை முடிந்தபின் மற்ற நிறுவனங்களும் இதே வடிவத்தைச் செய்தன. ஆகவே அந்த முத்திரையின்மேல் எதையும் பூசிவிடாதீர்கள்.

உளுத்ததை மற்றவற்றோடு வைக்காதீர்கள். கழற்றி, பொலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 20 பாகையில் இரண்டு வாரம் டீப் பிரீசரில் வைத்தால் பூச்சி சாகும். வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்தபிறகே உறையைப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் மரம் வியர்க்கும். பிழைத்த துண்டுகள் மற்ற மூன்றுக்கும் உதவும்.

நான் என்றால் நான்காவதை ஒட்டக்கூட மாட்டேன். அப்படியே வைப்பேன்.

சுண்ணாகம்_தச்சுப்பட்டறை எழுதியது:

தம்பி, ஒட்டாமல் விட்டால் அந்த வெடிப்பு நிற்காது. ஒவ்வொரு மாரியிலும் மரம் ஊறி, கோடையில் சுருங்கி, இன்னும் நீளும். பிறகு வைத்துப் பார்ப்பதற்கும் கதிரை இராது.

கொக்குவில்_பேர்த்தி எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஒட்டுவது என்று முடிவெடுத்துவிட்டேன். மாரி பற்றி ஐயா சொன்னதை நான் யோசித்திருக்கவில்லை.

நேற்றுப் பலகையைக் கழற்றினேன். எட்டு ஆணிகளில் ஐந்து, பிரம்பு கோக்கும் துளைகளுக்குள்ளேயே இறங்கியிருந்தன. ஆகவே வளையம் பிளக்கவில்லை. மற்ற மூன்றின் துவாரங்களை மட்டும் அடைக்க வேண்டும். கையால் பின்னத் தெரிந்த ஒருவரைத் தேடுகிறேன். உளுத்தது முற்றத்துக் கொட்டிலில் தனியாக இருக்கிறது.

நான்காவதை ஈரத் துணியால் துடைத்தபோது சின்ன மாமா வந்து பார்த்தார். தழும்பைத் தடவி, இந்தப் பக்கம்தான் தான் பிடித்ததாகச் சொன்னார். அந்த இடத்தில் அரக்கும் பூசப்போவதில்லை. ஐயா, சனிக்கிழமை காலையில் டியூபும் கதிரையுமாகப் பட்டறைக்கு வருகிறேன், மாமாவும் வருவார்.