அபு சிம்பல் சிலை மேல் ஒரு ஆள்: இது பதிவா, ஆதிக்கமா?

நைல்கரை:
அந்தக் காலத்து எகிப்துப் புகைப்படங்களை ‘நடுநிலை ஆவணம்’ என்கிறீர்கள். பிரெஞ்சு எழுத்தாளர் மாக்ஸிம் டு கான் 1849-51ல் எகிப்து போய் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். தெற்கு எகிப்தின் அபு சிம்பல் கோயிலில் ராம்சேஸ் மன்னன் சிலையின் கிரீடத்து மேல் ஒருவர் இருக்கிறார். படகில் வேலை பார்த்த நூபியர், ஹாஜி இஸ்மாயில். லென்ஸின் பித்தளைக் குழாயைப் பீரங்கி என்று சொல்லி, அசைந்தால் சுட்டுவிடும் என்று மிரட்டியதாக டு கானே எழுதி வைத்திருக்கிறார். இதையும் ‘நடுநிலை ஆவணம்’ என்பீர்களா?

உளிச்சத்தம்:
மிரட்டியது அயோக்கியத்தனம், சரி. ஆனால் ஆள் நிற்காவிட்டால் அந்தச் சிலை 20 மீட்டர் என்று எப்படித் தெரியும்? எகிப்தின் அர்மந்த் ஊரில் இருந்த பழைய கோயிலையும் கொஞ்சம் நினையுங்கள். 1860களின் தொடக்கத்தில் சர்க்கரை ஆலை கட்ட அதை இடித்துக் கல்லை எடுத்துக்கொண்டார்கள். இன்று அதைப் பார்க்க நமக்கு உதவுவது டு கான், ஆங்கிலேயப் புகைப்படக்காரர் பிரித் போன்றவர்கள் எடுத்த படங்கள்.

நைல்கரை:
அளவுக்கு ஒரு கோல் நட்டால் போதாதா? மனிதனையே கோலாக்கியதுதான் என் பிரச்சினை. 1839ல் பிரெஞ்சு விஞ்ஞானி அராகோ பாரிஸில் புகைப்படக் கலையை அறிமுகப்படுத்திப் பேசியபோதே, நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பின்போது இது கையில் இருந்திருந்தால் என்று ஏங்கினார். படையோடு சேர்த்தே காமிராவை யோசித்தவர்கள் இவர்கள்.

இருட்டறை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பிரித் 1850களில் பெரிய கண்ணாடித் தகடுகளைச் சுமந்து போனவர். தகட்டில் பூசுகிற கொலோடியன் என்ற ரசாயனக் கரைசல் கூடாரத்துச் சூட்டில் கொதித்ததாம். ஆதிக்கம் செய்யப் போனவர் இவ்வளவு அவதிப்படுவாரா? அப்புறம், எகிப்து ராணுவப் பொறியாளர் முகமது சாதிக் 1861லேயே மதீனாவைப் படம் எடுத்துவிட்டார். காமிரா வெள்ளைக்காரன் சொத்தாக மட்டும் இல்லை.

நைல்கரை:
அவதிப்பட்டால் ஆதிக்கம் இல்லை என்று ஆகிவிடுமா? மலை ஏறிய தளபதியும் அவதிப்பட்டவர்தான். சாதிக் சமாச்சாரம் நல்ல பாயின்ட், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் எடுத்தது மக்கள் தொழுகிற ஊரை. ஐரோப்பியர் தேடியது ஆளில்லாத பாழடைந்த எகிப்தை.

உளிச்சத்தம்:
ஆளில்லாததா? லக்சர் கோயிலின் பழைய படங்களில் தூண்களுக்கு நடுவே மண்வீடுகள் அப்படியே இருக்கின்றன. 1880களில், எகிப்தின் தொல்பொருள் துறைக்குத் தலைவராக இருந்த பிரெஞ்சுக்காரர் மாஸ்பெரோ காலத்தில் அந்த வீடுகளை அகற்ற ஆரம்பித்தார்கள். அபு ஹக்காக் மசூதி மட்டும் தப்பியது. கோயிலுக்குள் ஓர் ஊர் இருந்ததற்குச் சாட்சியே நீங்கள் திட்டுகிற அந்தப் படங்கள்தான்.

நைல்கரை:
வீடு தெரிகிறது. அதில் குடியிருந்தவர் பெயர் ஒன்றாவது படத்தின் கீழே போட்டிருக்கிறார்களா, காட்டுங்கள்.