மீன் மார்க்கெட் போட்டோவை நீக்கினால்தான் கணக்கு தெரிந்தவள் என்று நம்புவார்களா?

தொண்டையார்பேட்டை கணக்கர் கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். நான் தொண்டையார்பேட்டையில் ஜிஎஸ்டி பிராக்டிஷனராக, அதாவது வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறவளாக இருக்கிறேன். மண்ணடி இரும்புக்கடை, சௌகார்பேட்டை பாத்திரக்கடை, காசிமேட்டில் ஐஸும் வலையும் விற்கிறவர்கள் என்று சின்ன வியாபாரிகள்தான் என் கிளையண்டுகள். ஜிஎஸ்டி போர்ட்டலில் இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ் வந்துவிட்டால் அன்றைக்கு அவர்களுக்கு வியாபாரமே ஓடாது. அவர்களுக்காகத்தான் தமிழில் ஒரு வலைப்பூ எழுதி வருகிறேன். 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் வரி கட்டும் 3பி ரிட்டர்ன் என்று தேதி மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், ஏன், எதற்கு, விட்டால் என்ன ஆகும் என்று கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுகிற மாதிரியே எழுதுவேன். நடுவில் என் மகளின் பரீட்சை, காசிமேட்டில் விடிகாலை மீன் வாங்கப் போனது என்று சொந்த விஷயமும் வரும்.

சப்ளையர் ரிட்டர்ன் போடாமல் விட்டால் நமக்கு வர வேண்டிய கிரெடிட், அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை நம் வரியில் கழித்துக்கொள்வது, என்ன ஆகும் என்று சமீபத்தில் நீளமாக ஒரு பதிவு போட்டேன். 2022 ஜனவரியிலிருந்து 2பி-யில் (சப்ளையர்கள் போட்ட ரிட்டர்னை வைத்து போர்ட்டல் நமக்குத் தரும் பட்டியல்) வராத இன்புட் கிரெடிட்டை எடுக்க முடியாது, அதனால் பெரிய பில்லுக்குப் பணம் கொடுக்கும் முன் அந்த சப்ளையர் ஒழுங்காக ரிட்டர்ன் போடுகிறவரா என்று போர்ட்டலிலேயே பார்த்துவிடுங்கள் என்று எழுதி, எங்கே அழுத்த வேண்டும் என்று படமும் போட்டிருந்தேன். முதல் கமெண்ட்டே "நல்லா இருக்கு மேடம், வீட்டுக்காரர் ஆடிட்டரா?" அடுத்தவர், "சிஸ்டர், இதெல்லாம் ஒரு தடவை சார் யாருகிட்டயாவது காட்டிட்டுப் போடுங்க." அதே பதிவை ஒரு வரி மாற்றாமல் ஒருவர் தன் பக்கத்தில் தன் பெயரில் போட்டிருக்கிறார். அங்கே "சூப்பர் சார், இவ்ளோ தெளிவா யாரும் சொன்னதில்ல" என்று வரிசையாக வந்து பாராட்டியிருக்கிறார்கள். நான் எழுதிய உதாரணம், நான் வட்டம் போட்ட படம்! அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

அதற்கு மேல், எனக்கு அவ்வப்போது வேலை தருகிற ஆடிட்டர் ஒருவர் கூப்பிட்டு, "மீன் மார்க்கெட் போட்டோவை எடுத்துடும்மா, கிளையண்ட் பார்த்தா என்ன நினைப்பான், பேரையும் இனிஷியல் மட்டும் போடு, முடிஞ்சா அண்ணாநகர்ல யார் அட்ரஸாவது குடு" என்றார். அக்கறையில் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மனசு ஆறவில்லை. பெண் என்பதை மறைத்து, தொண்டையார்பேட்டை என்பதையும் மறைத்து, அப்புறம் மிச்சம் இருப்பது யார்? தொழில் செய்துகொண்டே எழுதுகிற பெண்கள் இருந்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

திருவொற்றியூர் சிவில்:

அக்கா, இனிஷியல் மட்டும் போடுவதை நான் செய்து பார்த்திருக்கிறேன். நான் சிவில் இன்ஜினியர், வீடு கட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஆரம்பத்தில் இரண்டு எழுத்து இனிஷியல்தான், படமும் கிடையாது. நம் பக்கத்து வீடுகளில் பால்கனி ஸ்லாப் அடியில் கம்பி துருப்பிடித்து ஊதி, காங்கிரீட் பாளம் பாளமாக விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றி ஒரு தொடரே எழுதினேன். கடலோரக் காற்று படுகிற இடத்தை, காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான ஐஎஸ் 456 கடுமையான சூழல் என்ற வகையில் வைக்கிறது, அங்கே வலிமையில் எம்30 தரத்துக்குக் குறையாத காங்கிரீட்டும் கம்பியை மூடி 45 மில்லிமீட்டர் காங்கிரீட் கவரும் வேண்டும், மேஸ்திரி உள்ளே வைக்கிற சின்னக் கவர் பிளாக்கைப் பார்த்துவிட்டு சரி என்று சொல்லிவிடாதீர்கள் என்று. எல்லாரும் "சார், சார்" என்றார்கள். கேள்வியும் நேராக வரும்: சார், கம்பி எத்தனை எம்எம், சார், கியூரிங் எத்தனை நாள்.

பிறகு சைட்டில் ஹெல்மெட்டோடு நிற்கிற என் படத்தைப் போட்டேன். எழுத்து மாறவில்லை, ஆனால் கேள்வி மாறிவிட்டது. "இது நீங்களே டிசைன் பண்ணதா?" "சைட்ல ஆளுங்க உங்க பேச்சைக் கேக்கறாங்களா?" "வீட்ல எப்படி விடறாங்க?" அதுவரை எம்30 பற்றி ஒருத்தரும் சந்தேகப்படவில்லை, படம் வந்த பிறகு "மேடம் எம்20 போதுமே" என்று எனக்குப் பாடம் எடுக்க வந்தார்கள்.

ஆனாலும் படத்தை எடுக்கவில்லை. காரணம் சொல்கிறேன். படம் போட்ட பிறகுதான் வீட்டுப் பெண்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கு வைத்திருந்த நகையை விற்று எண்ணூர் பக்கம் வீடு கட்டுகிற ஒரு அம்மா, மேஸ்திரி தண்ணீர் அதிகமாக ஊற்றிக் கலக்குகிறான், கேட்டால் "உனக்கு என்ன தெரியும்"ங்கிறான், என்ன சொல்லட்டும் என்று எனக்கு எழுதினார்கள். சார் என்று நினைத்திருந்தால் அவர் அதைக் கேட்டிருக்கவே மாட்டார். அவருக்குப் பதில் எழுதுவதற்காகவாவது என் படம் அங்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மண்ணடி கடைக்காரர்:

மேடம், கடைக்காரன் பக்கத்திலிருந்து சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சேலையில் இருக்கிறீர்களா, கோட்டில் இருக்கிறீர்களா, மீன் வாங்குகிறீர்களா என்று எனக்குக் கவலையில்லை. 20ஆம் தேதி ராத்திரி போர்ட்டல் சுத்திக்கொண்டே இருக்கும்போது போன் எடுக்கிறார்களா, அவ்வளவுதான். ஆனால் எங்கள் தெருவில் எல்லாரும் அப்படி இல்லை. என் அண்ணன் இன்னமும் "லேடீஸ்கிட்ட கணக்கு குடுத்தா ஆபீசர்கிட்ட போய் யாரு பேசறது" என்பார். இப்போது பதில் கொடுப்பது எல்லாம் ஆன்லைனில்தான் என்று சொன்னாலும் ஏறாது. அந்த மாதிரி ஆட்களைப் பிடிக்க வேண்டுமென்றால் தொழிலுக்கு ஒரு வலைப்பூ, சொந்த விஷயத்துக்கு ஒரு வலைப்பூ என்று பிரித்துவிடுங்கள். பிழைப்பு முக்கியம் இல்லையா.

தொண்டையார்பேட்டை கணக்கர்:

அண்ணா, வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. ஒன்று மட்டும் கேட்கிறேன். எனக்கு அட்வைஸ் சொன்ன அந்த ஆடிட்டரின் பக்கத்தில் சபரிமலைக்கு மாலை போட்ட படம் இருக்கிறது, பேரனுக்கு மொட்டை போட்ட படம் இருக்கிறது, நடுவிலேயே வருமான வரி பற்றிய பதிவும் இருக்கிறது. அதைப் பார்த்து நீங்கள் எல்லாரும் "குடும்பஸ்தர், பக்தி உள்ளவர், நம்பலாம்" என்றுதானே சொல்கிறீர்கள்? என் மகள் படத்தைப் பார்த்தால் மட்டும் "இவங்களுக்கு வீட்டு வேலையே சரியா இருக்கும், ரிட்டர்ன் எங்க போடப்போறாங்க" என்று ஏன் தோன்றுகிறது? உங்கள் அண்ணனிடமும் இதைக் கேளுங்கள்.

மண்ணடி கடைக்காரர்:

இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை மேடம். அண்ணனிடம் கேட்கிறேன். கத்துவார், இருந்தாலும் கேட்கிறேன்.

பெரம்பூர் ஹெச்ஆர்:

ஆளெடுக்கிற வேலை என்னுடையது. விண்ணப்பத்தில் பெயர் மட்டும் மாறினால் மதிப்பு மாறுவதைத் தினமும் பார்க்கிறேன். இது என் கற்பனை இல்லை. 2012இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு செய்தார்கள். லேப் மேனேஜர் வேலைக்கு ஒரே விண்ணப்பத்தை, பாதிப் பேருக்கு ஜான் என்ற பெயரிலும் மீதிப் பேருக்கு ஜெனிஃபர் என்ற பெயரிலும் 127 அறிவியல் பேராசிரியர்களிடம் கொடுத்தார்கள். ஜானுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 30,238 டாலர் தரலாம் என்றார்கள், ஜெனிஃபருக்கு 26,508. திறமை மதிப்பெண்ணும் ஜெனிஃபருக்குக் குறைவுதான். மதிப்பிட்டவர்களில் பெண் பேராசிரியர்களும் இருந்தார்கள், அவர்களும் அதையேதான் செய்தார்கள். அறிவியல் படித்து, சான்று இல்லாமல் எதையும் நம்பக்கூடாது என்று பாடம் எடுக்கிறவர்களே இப்படி என்றால் நம் கமெண்ட் பகுதியில் வருகிறவர்களை என்ன சொல்வது.

ஆகவே, தங்கச்சி, போட்டோவை எடுத்தால் மரியாதை வரும் என்று நான் நம்பவில்லை. சேலை கட்டினால் பழைய பஞ்சாங்கம், கோட் போட்டால் ஓவர் பில்டப், பணிவாக எழுதினால் உறுதி இல்லை, உறுதியாக எழுதினால் திமிர். எங்கள் ஆபீசில் ஒரே வாரத்தில் ஒரே பெண்ணைப் பற்றி இந்த இரண்டையும் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதற்கெல்லாம் ஏற்ற மாதிரி உங்களை மாற்றிக்கொண்டே போனால் முடிவே இல்லை. அதற்குப் பதில் பக்கத்தின் மேலேயே உங்கள் தகுதியைப் போடுங்கள். பதிவு பெற்ற ஜிஎஸ்டி பிராக்டிஷனர், தேர்வு எழுதித் தேறியது, எந்த வகைக் கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறீர்கள், எல்லாம். கூச்சப்படாதீர்கள். பெண்கள் எழுதுகிற பக்கங்களில் "எனக்குத் தெரிந்தவரை", "தப்பிருந்தா மன்னிக்கவும்" என்று ஆரம்பிப்பதை நிறையப் பார்க்கிறேன், உங்கள் பதிவிலும் இருந்தது. சட்டத்தில் இருப்பதைச் சொல்லும்போது அது எதற்கு?

ஜார்ஜ் டவுன் வக்கீல்:

இரண்டு விஷயம் மட்டும். உங்கள் பதிவை எடுத்துப் போட்டவரை விடாதீர்கள். எழுதிய நிமிடத்திலேயே காப்புரிமை உங்களுடையது, எங்கேயும் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதில்லை. 1957 காப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவில், இது என் எழுத்து என்று உரிமை கோருவது எழுதியவரின் தனி உரிமையாகவே இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, முதலில் அவருக்கு எழுதுங்கள், மசியவில்லை என்றால் அந்தத் தளத்தில் காப்புரிமைப் புகார் படிவம் இருக்கும், அதில் போடுங்கள்.

அடுத்தது, அந்த ஆடிட்டர் தன் தொழிலின் விதியை வைத்து உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்கள் விளம்பரம் செய்து கிளையண்ட் பிடிக்க அவர்களுடைய 1949 சட்டத்திலேயே தடை இருக்கிறது. நீங்கள் சிஏ இல்லை, அந்தத் தடை உங்களுக்குப் பொருந்தாது. அதிலும் மீன் வாங்குகிற படத்தைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. ஆபாசமாக மெசேஜ் வந்தால் டெலீட் செய்துவிட்டு சும்மா இருந்துவிடாதீர்கள் அம்மா. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு பிளாக் செய்யுங்கள், சைபர் கிரைம் போர்ட்டலில் புகார் கொடுங்கள். விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 78ஆம் பிரிவில் தண்டனைக்குரிய குற்றம்.

பழைய வண்ணாரப்பேட்டை டீச்சர்:

நான் ரிட்டையர்டு டீச்சர் அம்மா. தமிழ் வலைப்பூக்களைத் திரட்டித் தந்த தமிழ்மணம் தளம் 2004இல் வந்த காலத்திலிருந்து வலைப்பூக்களைப் படிக்கிறவள், கொஞ்ச காலம் எழுதியும் இருக்கிறேன். ஆண் எழுதினால் "கட்டுரை", பெண் எழுதினால் "டைரி" என்று அப்போதே பிரித்துவிட்டார்கள். என் பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நிற்பதற்குக் கழிப்பறையும் ஒரு காரணம் என்று எழுதினேன். "மனதைத் தொட்ட அனுபவம் டீச்சர்" என்றார்கள். கல்வி பற்றிய கட்டுரைகளைத் தொகுத்தபோது அதைச் சேர்க்கவில்லை. அதே 2004இல் சூசன் ஹெரிங் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் அமெரிக்காவில் இதைத்தான் எழுதினார்கள். எழுதுகிறவர்களில் பெண்களும் இளம் வயதினரும் அவ்வளவு பேர் இருந்தும், பத்திரிகைகளும் ஆய்வாளர்களும் பேசுவதெல்லாம் வயது வந்த ஆண்கள் எழுதும் அரசியல், செய்தி வலைப்பூக்களைப் பற்றியே, தினவாழ்க்கையை எழுதினால் கணக்கில் வருவதில்லை என்று. படித்தபோது வண்ணாரப்பேட்டையைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

உன் காசிமேடு பதிவைத் தேடிப் படித்தேன். ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் விற்கிற அம்மாக்கள் வாயாலேயே வட்டிக் கணக்குப் போடுவதை எழுதியிருக்கிறாய். காலையில் ஆயிரம் வாங்கினால் கையில் தொள்ளாயிரம், சாயங்காலம் திருப்பித் தருவது ஆயிரம். அது கணக்குப் பதிவு இல்லாமல் வேறென்ன? அதை எடுக்கச் சொன்னவர் படத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார், கீழே படிக்கவில்லை. அண்ணாநகர் அட்ரஸ் பேச்சும் எனக்குப் பிடிக்கவில்லை. வடசென்னை என்றால் சினிமாவில் காட்டுகிற கத்தியும் ரத்தமும்தான் என்று நினைக்கிறவர்களுக்கு இங்கே கணக்குப் பார்க்கிற பெண் இருக்கிறாள் என்று தெரியட்டும்.

தொண்டையார்பேட்டை கணக்கர்:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், அந்தப் பதிவைக் கடைசிவரை படித்ததற்கு உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

படத்தை எடுக்கப் போவதில்லை. பெயரும் முழுசாகவே இருக்கும், தொண்டையார்பேட்டை என்றும் இருக்கும். ஹெச்ஆர் அக்கா சொன்னபடி தகுதியை மேலே போட்டுவிட்டேன், "எனக்குத் தெரிந்தவரை" என்பதைத் தேடித் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறேன், பழைய பதிவுகளில் நிறைய இருக்கிறது. மகளின் படத்தை மட்டும் எடுத்துவிட்டேன். அது தொழிலுக்காக இல்லை, அவள் பெரியவளாகிறாள், அவளைக் கேட்டேன், வேண்டாம் என்றாள்.

பதிவை எடுத்துப் போட்டவருக்கு எழுதினேன். "உங்க பேரைப் போட்டா ரீச் வராது மேடம்" என்று பதில் வந்திருக்கிறது. அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வக்கீல் சார் சொன்ன படிவத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டேன். அடுத்த பதிவு அந்த மீன் விற்கிற அம்மாக்களின் தினவட்டி பற்றித்தான், இந்தத் தடவை வட்டி விகிதத்தை ஆண்டுக் கணக்கில் போட்டுக் காட்டப் போகிறேன். திருவொற்றியூர் தங்கச்சி, உங்கள் ஸ்லாப் தொடரின் லிங்கை இங்கே போடுங்கள், எங்கள் வீட்டுப் பால்கனியிலும் கம்பி தெரிகிறது.