மாஸ்டரோடு பழகியவர்கள் இங்கே எழுதுங்கள்

நரிமேட்டுக்காரன்:

மதுரையில் எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் கீபோர்டு கற்றுக்கொண்ட யாரிடமாவது "மாஸ்டர்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், எந்த மாஸ்டர் என்று திருப்பிக் கேட்க மாட்டார்கள். பெயரை இங்கே போட வேண்டாம், அவருக்குப் பிடிக்காது, பார்த்தால் போன் போட்டுத் திட்டுவார். ஞாயிறு காலையில் சர்ச்சில் ஆர்கன், வார நாட்களில் லண்டன் ட்ரினிட்டி காலேஜ் நடத்தும் இசைப் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் பண்ணுவது, திருவிழா சீசன் வந்தால் இன்னிசைக் கச்சேரி, நடுவில் எங்காவது ஆள் வராமல் போனால் வள்ளி திருமணம் நாடகத்துக்கு ஆர்மோனியம். இத்தனையும் ஒரே மனிதர். போதாததற்குச் சொந்தமாக மெட்டும் போடுவார். இவ்வளவு இருந்தும் அவரைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை, அதனால்தான் இது. நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

எனக்கு அவர் வாத்தியார். மாடியில் ஒரு அறை, பழைய பியானோ ஒன்று, அதில் மேல் ஸ்தாயியில் சில கட்டைகள் அமுங்கும், சத்தம் வராது. பாஹ் என்ற பழைய ஜெர்மன் இசைமேதை தன் மாணவர்களுக்காக எழுதிய இரண்டு குரல் இன்வென்ஷன்கள், அதாவது இரண்டு கைக்கும் தனித்தனி வரி உள்ள சின்ன உருப்படிகள், 15 இருக்கின்றன இல்லையா, அதில் முதலாவதைத்தான் எல்லாருக்கும் கொடுப்பார். கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் வாசிக்கவே விடமாட்டார். இடது கை வரியை வாசி, வலது கை வரியை வாயால் பாடு. அப்புறம் மாற்றிப் பாடு. "பாட வராது மாஸ்டர்" என்றால், "பாட வராதவனுக்கு வாசிக்கவும் வராது, பாடுடா" என்பார். ட்ரினிட்டியில் நூற்றுக்கு 66 மார்க் மூன்று உருப்படிகளுக்கு, மிச்சம் 34 ஸ்கேல், பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது, காதுப் பரீட்சை இந்த மாதிரி. எல்லா வாத்தியாரும் 66இல் உட்காருவார்கள், இவர் அந்த 34இல்தான் உட்காருவார். வீட்டில் என் அம்மாவுக்கு இதில் பெரிய வருத்தம்.

பாஹ் கதை சொல்லாமல் ஒரு வகுப்பும் முடியாது. 1705இல் இருபது வயதுப் பையன், ஆர்ன்ஷ்டாட் என்ற ஊர் சர்ச்சில் ஆர்கன் வேலை. புக்ஸ்டஹூட் என்ற பெரிய ஆர்கன் வித்வானைக் கேட்பதற்காக லூபெக் வரைக்கும் நடந்தே போனார், நானூறு கிலோமீட்டர், அதாவது நம்ம ஊரிலிருந்து செங்கல்பட்டு. நாலு வாரம் லீவு சொல்லிவிட்டு ஏறக்குறைய நாலு மாசம் கழித்துத் திரும்பியிருக்கிறார். சபையார் கூப்பிட்டு விசாரித்தார்கள், லீவுக்காக மட்டும் இல்லை, பாட்டுக்கு நடுவே விசித்திரமான சுரங்களைப் போட்டு ஜனங்களைக் குழப்புகிறாய் என்றும். இந்த இடம் வரும்போது மாஸ்டர் தானாகவே சிரிக்க ஆரம்பித்துவிடுவார். ஏன் என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை.

ஆல்டோ அக்கா:

ஏன் என்று நான் சொல்கிறேன் தம்பி! நான் அவர் ஆர்கன் வாசித்த சபையில் பாடகர் குழுவில் இருந்தேன். எந்தச் சபை என்று கேட்காதீர்கள். காணிக்கை எடுக்கும் நேரத்தில் சும்மா மெதுவாக ஏதாவது வாசிப்பது வழக்கம், இவர் ஒரு ஞாயிறு பாமாலை (மேற்கத்திய மெட்டில் பாடும் சபைப் பாட்டு) மெட்டில் ஆரம்பித்து, அப்படியே நழுவிக் கல்யாணி ராகத்துக்குப் போய், தட்டு கடைசி வரிசையைத் தாண்டின பிறகும் நிறுத்தவில்லை. ஆராதனை நடத்தும் போதகர் ஐயர் பீடத்தில் நின்றுகொண்டே இருந்தார். கமிட்டியில் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். இனிமேல் "இங்கிலீஷ் மாதிரி" வாசிக்கச் சொன்னார்களாம். அடுத்த வாரம் பாஹின் ஃப்யூக், அதாவது குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் உருப்படி, ஒன்றை முழு வேகத்தில் வாசித்தார், அதற்கும் புகார் வந்தது.

ஆனால் மனிதருக்கு இரண்டும் வேறு வேறு என்று நன்றாகத் தெரியும். பாமாலை என்றால் நாலு குரலும் சுத்தமாகக் கேட்க வேண்டும், எங்கள் ஆல்டோ வரி ஒரு சுரம் தவறினாலும் திரும்பிப் பார்ப்பார். நம் ராகத்தில் அமைந்த கீர்த்தனை வந்தால் கார்டு, அதாவது பல சுரங்களைச் சேர்த்து அமுக்குவது, போடவே மாட்டார். ச, ப மட்டும் பிடித்துக்கொண்டு ஒற்றை வரியாகப் பாட்டுக்குப் பின்னாலேயே வருவார். கிட்டார் பையன்கள் சண்டை போடுவார்கள், ஏன் அண்ணே இங்கே எஃப் மேஜர் போடக்கூடாதா என்று. "ஆனந்தபைரவிக்கு எஃப் மேஜர் தெரியாதுடா தம்பி" என்பார், அவ்வளவுதான் விளக்கம். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் ராகம் தாளம் போட்டு எழுதி வைத்த பாட்டுகள் அவை, அவற்றையெல்லாம் சேர்த்து முதல் கீர்த்தனைப் புத்தகமாகப் போட்டவர் நம் மதுரை அமெரிக்கன் மிஷனில் இருந்த எட்வர்ட் வெப் என்ற வெள்ளைக்காரர், அவருக்கே தெரிந்திருக்கிறது உனக்குத் தெரியவில்லையே என்று அந்தப் பையன்களிடம் சொல்லிக் காட்டுவார்.

கரண்ட் போனால் எங்களுக்குக் கொண்டாட்டம். எலெக்ட்ரானிக் ஆர்கன் நின்றுவிடும். மூலையில் துணி போட்டு மூடிய மிதி ஆர்கன் ஒன்று உண்டு, துணியை இழுத்துவிட்டு உட்காருவார். காலால் துருத்தியை மிதித்துக்கொண்டே வாசிக்கும்போது ஒரு வரி முடியும் இடத்தில் காலைக் கொஞ்சம் தளர்த்துவார், காற்று குறைந்து சத்தம் தானாக அடங்கும், நாங்களும் அங்கேதான் மூச்சு எடுப்போம். எங்களுக்கு மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தது அவர் கால்தான்.

மேலூர் நாடக ரசிகன்:

நீங்கள் எல்லாம் சர்ச் மாஸ்டர் என்கிறீர்கள். எங்கள் பக்கம் அவர் "பெட்டிக்காரர் மகன்". அப்பா ஸ்பெஷல் நாடகத்தில் ஆர்மோனியப் பின்பாட்டு, பெரிய கை. நாடகத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காக: சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக் கொடுத்த நாடகங்கள்தான் இன்றைக்கும் நடக்கின்றன, அவர் 1918இல் மதுரையில் பையன்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை ஆரம்பித்தவர். ஸ்பெஷல் நாடகம் என்றால் நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து பஸ் ஏறி வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், பபூன் வேறெங்கோ. ஒத்திகை கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், விடிகிற வரைக்கும் நடக்கும். இதை எல்லாம் கட்டி இழுப்பவர் மேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரர்தான்.

கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு பொங்கல் வைத்த ஊரில் பார்த்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று மகன் வந்து உட்கார்ந்திருக்கிறார், பேன்ட் சட்டையோடு. ஊர்க்காரர்கள் முணுமுணுத்தார்கள், சினிமாப் பாட்டு வாசிக்கிற ஆளைக் கூட்டி வந்துவிட்டார்கள் என்று. ஸ்திரீபார்ட் பாடும் சுருதி ஐந்தரைக் கட்டை. ராஜபார்ட் நாலரை. பபூன் எந்தக் கட்டையில் எடுப்பார் என்று பபூனுக்கே தெரியாது. இரண்டாவது வார்த்தை வாயிலிருந்து வருவதற்குள் இவர் சுருதியைப் பிடித்துவிடுவார், விரல் அங்கே போய் நிற்கும். நாரதர் தர்க்கத்தில் ஒரு இடத்தில் நாரதர் வேண்டுமென்றே அரைக் கட்டை ஏற்றி எடுத்தார், சோதிக்கிறாராம். இவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அதே அரைக் கட்டையில் பின்பாட்டு எடுத்து, நாரதர் எட்ட முடியாத மேல் சுரத்தில் போய் நின்றுகொண்டார். கூட்டம் விசிலடித்தது. நாரதர் அதற்கப்புறம் மரியாதையாகப் பாடினார்.

சிம்மக்கல்:

ரேடியோவில் ஆர்மோனியத்துக்கே தடை இருந்தது என்பார்களே, அது நிஜமா? அவர் அப்பா காலமா அது?

நரிமேட்டுக்காரன்:

நிஜம். 1940இல் அகில இந்திய வானொலி தடை போட்டது, 1971 வரை இருந்தது. கட்டை கட்டையாகச் சுரம் நிற்கும், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வளைந்து போக முடியாது, கமகம் வராது, அது நம் சங்கீதத்துக்கு ஆகாது என்பதுதான் காரணம். தாகூர்கூட அந்தப் பெட்டிக்கு எதிரிதான். அப்பாவுக்குப் பெயர் இருந்த காலம் முழுக்க ரேடியோ வாசல் மூடியே இருந்தது, மாஸ்டர் இதை ஒரு தடவை சொல்லியிருக்கிறார், கோபமாக இல்லை. காரணம் சரிதான் என்றே சொன்னார். கட்டையில் தோடி ராகத்துக் காந்தாரம் வராது, வருகிற மாதிரி ஏமாற்றலாம், அந்த ஏமாற்றுவேலைதான் அப்பாவின் வித்தை என்றார். எனக்கு அந்தத் தடை அநியாயமாகத்தான் தோன்றுகிறது. வராத கமகத்தைக் காரணம் காட்டி வருகிற பாட்டையும் அல்லவா சேர்த்து நிறுத்திவிட்டார்கள்.

ரிதம் பேட்:

நான் அவரோடு இன்னிசைக் குழுவில் வாசித்தவன், எனக்கு அவர் அண்ணன். அவரிடம் இருந்தது யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டு, 1983இல் வந்த மாடல், எங்களிடம் வரும்போதே பல கை மாறியிருந்தது. மேலே சொன்ன வளைவு விஷயம் இதில்தான் தீர்ந்தது. இடது பக்கத்தில் பிட்ச் பெண்ட் சக்கரம் இருக்கும், வலது கை சுரத்தைத் தொடும், இடது கைக் கட்டைவிரல் அதை வளைக்கும். எல்லாரும் அதைக் கிட்டார் சத்தத்துக்குப் பயன்படுத்தினார்கள், அண்ணன் நாதஸ்வரத்துக்குப் பயன்படுத்தினார். இப்போது கே. சத்யநாராயணன் மாதிரி முழுக் கர்நாடகக் கச்சேரியே கீபோர்டில் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், உட்கார்ந்து கேட்கவும் சபா இருக்கிறது. அண்ணன் செய்தது நடு ராத்திரி திருவிழா மேடையில், முளைப்பாரி ஊர்வலம் மேடையைத் தாண்டிப் போகிற நேரத்தில் ஐந்து நிமிஷம் ஒரு தோடி. அதைக் கேட்டது நாங்களும், மைக் செட் காரரும்தான்.

சுருதியைத் தானாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தொடமாட்டார். பாடகருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, ஒரு கட்டை இறக்குங்கண்ணே என்றால் கையாலேயே இறக்கி வாசிப்பார். பட்டனை அமுக்கினால் காது சோம்பேறி ஆகிவிடுமாம். இளையராஜா பாட்டுகளுக்கு இடையிசை வரும் பாருங்கள், அங்கே பத்து வயலின் ஒரு பக்கம், புல்லாங்குழல் ஒரு பக்கம், பேஸ் கிட்டார் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும். எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு கீபோர்டு. மற்றக் குழுக்கள் புல்லாங்குழலை மட்டும் வாசித்துவிட்டுப் போய்விடும். இவர் இடது கையில் அந்தப் பேஸை விடவே மாட்டார், அதுதான் பாட்டின் முதுகெலும்பு என்பார். பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா பாஹைப் படித்தவர், அங்கேதான் அது தெரியும் என்பார். ராஜா தன் அண்ணன் பாவலர் வரதராஜனின் ஆர்மோனியத்துக்குப் பின்னால் ஊர் ஊராகப் போன பையன், 1968இல் சென்னை போய் தன்ராஜ் மாஸ்டரிடம் பியானோ படித்தார், 1986இல் ஒரு வாத்திய இசை ஆல்பத்தைத் தியாகராஜருக்கும் பாஹுக்கும் சேர்த்துச் சமர்ப்பித்தார். வேனில் போகும்போது அண்ணன் இதைத்தான் பேசிக்கொண்டு வருவார். நீங்களும் போயிருக்கலாமே என்று கேட்டேன். அப்பாவை யார் பார்ப்பது என்றார், பேச்சை மாற்றிவிட்டார்.

நோட்டீஸில் பாடகர்கள் படம் வரும், எங்கள் பெயர் வராது. சம்பளம் பாக்கி வைத்த குழுவும் ஒன்று உண்டு, அதை விடுங்கள்.

ஆல்டோ அக்கா:

அவர் போட்ட மெட்டுகள் யாரிடமாவது இருக்கிறதா? விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் போட்ட பாட்டுகளைப் பிள்ளைகள் இன்னும் பாடுகிறார்கள், யார் போட்டது என்று அவர்களுக்குத் தெரியாது. அப்புறம் பிள்ளைகளுக்கு என்று மோகனத்தில் ஒரு சின்ன பியானோ உருப்படி எழுதினார். வலது கை தொடங்கும், இரண்டு அட்சரம் தள்ளி இடது கை அதையே வாசித்துக்கொண்டு துரத்தும். மோகனத்தில் அரைச் சுர இடைவெளியே கிடையாது, அதனால் எது எதன் மேல் விழுந்தாலும் காதைக் கடிக்காது, பயப்படாமல் வாசிங்கம்மா என்பார். என் மகள் வாசித்திருக்கிறாள்.

நரிமேட்டுக்காரன்:

அக்கா, அது முதல் பக்கம் மட்டும்தான் மோகனம். உங்கள் மகள் அதோடு நிறுத்தியிருப்பாள், பாதிப் பிள்ளைகள் அங்கேதான் நிறுத்துவார்கள். இரண்டாம் பக்கத்தில் தைவதத்தை எடுத்துவிட்டு நிஷாதத்தைக் கொண்டுவருகிறார், ஹம்சத்வனி ஆகிவிடுகிறது. இப்போது நியும் மேல் சவும் அரைச் சுரம், ஒன்றாக விழுந்தால் இடிக்கும். அதனால் இடது கையை இரண்டு அட்சரத்துக்குப் பதிலாக மூன்று தள்ளித் தொடங்க வைத்திருக்கிறார், நி வரும்போதெல்லாம் ச கிளம்பிப் போயிருக்கும். எனக்கு அந்த இடம் வர ஒரு கோடை விடுமுறை முழுக்க ஆனது. நோட்டு என்னிடம் இருக்கிறது, மேலே மேற்கத்திய ஸ்டாஃப் குறியீடு, கீழே பென்சிலில் சரிகம, அவர் கையெழுத்துதான். நாளைக்குப் படம் எடுத்துப் போடுகிறேன், மேலூர்க்காரர் அப்பாவின் நாடக மெட்டு ஏதாவது வைத்திருந்தால் அதையும் போடுங்கள், இரண்டாம் பக்கத்தின் கடைசி நாலு வரி அங்கேயிருந்து எடுத்தது என்று எனக்குச் சந்தேகம்.