மீன்தொட்டி யோசனை: எதை எடுத்துக்கலாம், எதை விடலாம்?

பெரம்பூர் உறுப்பினர்:
யார் யோசனை சொன்னாலும் முதல்ல அவங்க தண்ணியைப் பத்திக் கேளுங்க. போரா, மெட்ரோ வாட்டரா, ஆர்.ஓ.வா? பி.எச்., அதாவது தண்ணியோட அமில-கார அளவு, எவ்வளவு? "அம்மோனியா (மீன் கழிவுல இருந்து வர்றது) 1 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், இருந்தாலும் மீனுக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றவர் பொய் சொல்லல. 28 டிகிரித் தண்ணியில பி.எச். 7 இருந்தா, மொத்த அம்மோனியாவில் நூத்துக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவத்தில் இருக்காது. அதே தண்ணி பி.எச். 8 ஆனா நூத்துக்கு ஆறேழு பங்கு நச்சு. அவர் வீட்டில் பிழைச்ச மீன், பி.எச். கூடுதலா இருந்தா உங்க போர் தண்ணியில செத்துப்போகலாம். "டி.டி.எஸ். பேனாவில் பார்த்தேன், தண்ணி நல்லா இருக்கு"ன்னாலும் ஏத்துக்காதீங்க. அது கரைஞ்ச உப்போட மொத்த அளவைத்தான் காட்டும். அம்மோனியாவுக்கு சொட்டு விட்டு நிறம் பார்க்கிற டெஸ்ட் கிட்தான் வேணும்.

ஆதம்பாக்கம் உறுப்பினர்:
பெரம்பூர் அண்ணன் சொன்னது சரி. எனக்குப் பெரிய கவலை வெள்ளைப்புள்ளி நோய்க்கான யோசனைகள்தான். "மருந்து ஊத்தினேன், மூணே நாள்ல புள்ளி போச்சு"ன்னு சொன்னா அது எதுக்கும் சாட்சி இல்லை. புள்ளிங்கிறது மீனோட தோலுக்கு உள்ளே வளர்ற ஒட்டுண்ணி. முத்தினதும் தானா உதிர்ந்து, தொட்டி அடியில ஒட்டிக்கிட்டு நூத்துக்கணக்கில் பிரியும். நம்ம ஊர் சூட்டில், மருந்தே போடாட்டியும் மூணு நாலு நாள்ல மீன் சுத்தமாத்தான் தெரியும். அடுத்த தடவை மொத்தமா ஏறும். தோலுக்குள்ள இருக்கிறதை மருந்து தொடாது, தண்ணியில நீந்தித் திரியுற ஒட்டுண்ணிக் குஞ்சுகளைத்தான் கொல்லும். அதனால ரெண்டு கேள்வி கேளுங்க: கடைசிப் புள்ளி மறைஞ்ச பிறகும் ஒரு வாரமாவது மருந்தைத் தொடர்ந்தாங்களா? ஃபில்டர்ல கார்பன் (கரி) இருந்ததா? கார்பன் மருந்தை உறிஞ்சிடும். மெத்திலீன் புளூங்கிற நீல மருந்தை நேரா தொட்டியில ஊத்தச் சொல்றவரை விட்டுடுங்க. ஃபில்டரில் இருக்கிற நல்ல பாக்டீரியாவும் போயிடும். தனித் தொட்டியில வெச்சுத்தான் வைத்தியம் பண்ணணும்.

வேளச்சேரி உறுப்பினர்:
குளிர் நாட்டு வீடியோ பார்த்து சொல்றதையும் விட வேண்டிய பட்டியல்ல சேர்த்துக்குங்க. 25 டிகிரிக்கு ஹீட்டர் வைக்கச் சொல்வாங்க. சென்னையில வருஷத்தில் பெரும்பகுதி தண்ணி அதுக்கு மேலதான் இருக்கு. "ஏர் பம்ப் தேவையில்லை"ங்கிறதுதான் ஆபத்து. 20 டிகிரியில ஒரு லிட்டர் தண்ணி சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும், 30 டிகிரியில ஏழரைதான். கொளத்தூர் வண்ணமீன் சந்தையில கோல்டுஃபிஷ் வாங்குறவங்க ஏர் பம்பையும் சேர்த்தே வாங்கிடுங்க.